ஒரு குடுவைத் தேறல்

சங்க நூல்களைப் படிக்கிறவர்கள் 'தேறல்' என்ற சொல்லை எங்கேனும் ஓரிடத்தில் சந்தித்திருப்பார்கள். உரையில் 'கள்ளின் தெளிவு' என்று பொருள் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். மொழியியல் ஆய்வுக்காக ஷில்லாங்குக்கு வந்து, தேனும் நீரும் கலந்த ஒரு கண்ணாடிக் குடுவையை மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான், அந்த உரைக்குறிப்பில் கள்ளைவிடத் 'தெளிவு' என்பதே கனமான சொல் என்று விளங்கியது. கடந்த குளிர்காலத்தில் முதன்முறையாக வீட்டில் தேன்மது செய்தேன். எப்படிச் செய்தாய், ஏன் செய்தாய் என்று கேட்ட நண்பர்களுக்குத் தனித்தனியே பதில் எழுதுவதைவிட இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். மது நம் அரசமைப்பில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது, அது சொந்த வீட்டின் சமையலறையில் என்றாலும், குற்றம். ஆகவே ஊரில் இருக்கும் நண்பர்கள் இதைச் செய்முறைக் குறிப்பாகக் கொள்ள வேண்டாம். மேகாலயாவின் நிலை வேறு. ஷில்லாங்கில் வீட்டில் பழமது செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அப்படிச் செய்வோர் முறைப்படி உரிமம் பெறுவதற்கு மாநில அரசு 2020இல் வழி செய்தது. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் அப்படி உரிமம் பெற்றவர். என் குடுவை இருந்தது அவருடைய சமையலறையில், அவருடைய கண்பார்வையில்.

அவர் அறுபதைக் கடந்த காஸி இனப் பெண்மணி. காஸி மொழியில் மூத்த பெண்களைக் 'கோங்' என்று அழைப்பார்கள். அக்கா என்று பொருள். காஸிகள் தாய்வழிச் சமூகத்தினர். குடும்பச் சொத்து கடைசி மகளுக்குப் போகும். கோங் அவர்கள் வீட்டில் கடைசி மகள். இந்த வீடு அப்படித்தான் அவருக்கு வந்தது. பிளம் பழத்திலும், சோஹியோங் என்று இங்கே சொல்லப்படும் கறுஞ்செர்ரியிலும், இஞ்சியிலும் ஆண்டுதோறும் மது செய்கிறார். கிறிஸ்துமஸுக்கு முன்பே பெரும்பாலும் விற்றுவிடும். இரண்டு மகள்களைப் படிக்கவைத்தது அந்தப் பணம்தான் என்று யாரிடமும் தயங்காமல் சொல்வார். மது என்ற சொல்லையே குரல் தாழ்த்திச் சொல்லும் ஒரு வீட்டிலிருந்து வந்தவள் நான். ஒரு பெண் தன் வீட்டுச் சமையலறையில் மது செய்வதையும், அதைப் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தோடு சேர்த்துப் பெருமையாகப் பேசுவதையும் முதலில் கேட்டபோது, எந்தப் பக்கம் பார்த்துக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

தேனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒரு சொல். காஸியில் தேனுக்கு 'உம்ங்காப்' என்று பெயர். 'உம்' நீர், 'ங்காப்' தேனீ. தேனீயின் நீர். சொற்பட்டியல் தொகுக்கும்போது இதைக் குறித்துக்கொண்டு, நம் பக்கத்துச் சொற்களை யோசித்தேன். வடமொழியில் 'மது' தேனையும் குறிக்கும், தேனிலிருந்து ஆன பானத்தையும் குறிக்கும். ஆங்கிலத்தில் தேன்மதுவைக் குறிக்கும் 'மீட்' அதன் உடன்பிறப்பு. ருஷ்ய மொழியின் 'ம்யோத்' இரண்டு பொருளையும் தாங்குகிறது. லித்துவானிய மொழியில் 'மெதுஸ்' தேன், 'மிதுஸ்' தேன்மது. கிரேக்கத்தில் 'மெதி' என்றால் திராட்சை மது. சீனத்தில் தேனைக் குறிக்கும் 'மீ' என்ற சொல்கூட, மேற்கே இருந்த தொக்காரிய மொழியிலிருந்து கடனாகப் போனது என்பது மொழியியலாளர் கருத்து. பாதி உலகம் தேனுக்கும் மதுவுக்கும் ஒரே வேரைப் பயன்படுத்தியிருக்கிறது. அந்தச் சொல்லை வாங்கிக்கொண்ட தமிழில் இன்று அதைத் தேன் என்ற பொருளில் யாரும் பேசுவதில்லை. செய்யுளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 'மதுவிலக்கு' என்று சுவரில் எழுதுகிறோம். அதற்குள் ஒரு தேனீ இருப்பது நினைவுக்கு வருவதில்லை.

தமிழுக்குத் தனியாகவும் சொற்கள் இருந்தன. கள், நறவு, மட்டு, பிழி, தோப்பி, தேறல் என்று சங்க நூல்களில் ஒரு வரிசையே உண்டு. இவற்றுள் தோப்பி நெல்லிலிருந்து ஆனது. மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன் தேறலைத் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் சொல்கின்றன. திருமுருகாற்றுப்படையில் குன்றில் வாழும் குறவர்கள் அதைத் தம் சுற்றத்தோடு அருந்திக் குரவை ஆடுகிறார்கள். அது முருகனைப் பாடும் நூல் என்பதால் அந்த இடத்தை யாரும் மறைத்து வாசித்ததில்லை. மூங்கிலிலேயே செய்திருக்கலாமே என்று கோங்கின் மகள் கேட்டாள். வீட்டுக்குப் பின்னால் மூங்கில் இருக்கிறது. எனக்கு உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது, அதனால் கண்ணாடி.

தேன் தானாகக் கெடுவதில்லை என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி. காரணம் எளிது. நல்ல தேனில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் நீர் இருக்கும். மற்றதெல்லாம் பெரும்பாலும் பழச்சர்க்கரையும் குளுக்கோஸும். அந்த நீரையும் சர்க்கரை இறுகப் பிடித்துவைத்திருக்கும். நுண்ணுயிர் வந்து விழுந்தாலும் அதன் உடலிலிருக்கும் நீரைத் தேன் உறிஞ்சிக்கொள்ளும். பூவிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்த ஈஸ்ட் தேனுக்குள் விதைபோல உறங்கிக்கொண்டிருக்கும். நீர் ஊற்றினால் விழித்துக்கொள்ளும். மழை நனைத்த ஒரு தேனடை போதும்; மனிதர் கையே இல்லாமல் தேன்மது உண்டாகிவிடும். சீனாவின் ஜியாஹூ என்ற இடத்தில் கிடைத்த ஏறத்தாழ 9,000 ஆண்டு பழமையான மண்கலங்களில் அரிசி, தேன், பழம் சேர்த்துப் புளிக்கவைத்த பானத்தின் எச்சத்தைக் கண்டிருக்கிறார்கள். இது மனிதன் கண்டுபிடித்தது என்பதைவிட, கண்டெடுத்தது என்பது பொருத்தம்.

ஷில்லாங்கின் பெரிய சந்தையான இயூதுஹ்வில், பழைய புட்டிகளில் அடைத்துத் தேன் விற்பார்கள். நான் அங்கே வாங்கவில்லை. தெற்குச் சரிவில், ஆரஞ்சுத் தோட்டங்கள் இருக்கும் பக்கத்தில், கோங்கின் உறவினர் குடைந்த மரத்துண்டுகளில் தேனீ வளர்க்கிறார். நம் மலைகளிலும் இருக்கும் அதே இந்தியத் தேனீதான். அவரிடமிருந்து இரண்டு கிலோ வந்தது. 1.2 கிலோவை எடுத்துக்கொண்டேன். கொதித்து ஆறிய நீரில் கரைத்து, மொத்தம் 4 லிட்டர் வரும்படி அளந்து, 5 லிட்டர் குடுவையில் ஊற்றினேன். தேனைக் காய்ச்சவில்லை. காய்ச்சினால் பூவின் மணம் ஆவியோடு போய்விடும். பாத்திரங்களை மட்டும் வெந்நீரில் நன்றாகக் கழுவிக்கொண்டால் போதும். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டபோது 1.088 காட்டியது. நீரைவிட அது எவ்வளவு கனம் என்பதைச் சொல்லும் எண் அது. சர்க்கரை சாராயமாக மாற மாற எண் இறங்கும்.

தேனில் இருக்கும் ஈஸ்டை நம்பியும் விடலாம்; என்ன வரும் என்று சொல்ல முடியாது. நான் திராட்சை மதுவுக்கான உலர்ந்த ஈஸ்டை இளஞ்சூட்டு நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துச் சேர்த்தேன். ரொட்டிக்கும் பீருக்கும் உரிய அதே இனம்தான். குணம் சற்று வேறு. தேனில் சர்க்கரை நிறைய உண்டு, நைட்ரஜன் மிகக் குறைவு. ஈஸ்டுக்கு அது சோறு மட்டும் போட்டுப் பருப்பு போடாத விருந்து. பசித்த ஈஸ்ட் அழுகிய முட்டை நாற்றம் விடும், பாதி வழியில் நின்றும்விடும். அதனால் இங்கே உலர்ந்த திராட்சை ஒரு பிடி போடுவார்கள். கோங் போட்டார். அதில் கிடைக்கும் சத்து சொற்பம் என்பதால், ரொட்டி ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி எடுத்து நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்துச் சேர்த்தேன். இறந்த ஈஸ்டின் உடல் உயிருள்ள ஈஸ்டுக்கு உணவு. கோங் முகம் சுளித்தார். பிறகு, "நம் எல்லார் வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது" என்றார்.

மூடியில் துளையிட்டு ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையை நீர் நிறைந்த ஒரு சீசாவில் மூழ்கவைத்தோம். உள்ளே உண்டாகும் கரியமில வாயு குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது. இறுக மூடினால் குடுவை வெடிக்கும். இவ்வளவுதான் கருவி.

தொடங்குவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். தொலைபேசியில் சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "எவ்வளவு தேனு?" என்றார். சொன்னேன். "ஒன்னே கால் கிலோவா? நல்ல தேனைக் கொண்டுபோய் இப்படிக் கெடுப்பாங்களாடி?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க நினைத்த வேறொன்று இருந்தது என்று எனக்குத் தெரியும்.

என் தாய்மாமன் குடித்துக் குடித்து இறந்தவர். அம்மாவுக்கு ஒரே தம்பி. எனக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கல்லீரல் கெட்டு இரண்டு முறை மஞ்சள்காமாலை வந்தது. முதல் முறை பிழைத்துக்கொண்டார். இரண்டாவது முறை மருத்துவமனையில் 23 நாள் இருந்தார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சொல்தான் புழங்கியது. "தேறிடுவான்." பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள், அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், இரவில் விளக்கு வைக்கும்போதும் அதையே சொன்னார். மாமா தேறவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் அம்மாவைப் பார்த்து, "மனசைத் தேத்திக்கோ" என்றார்கள்.

அகராதியைத் திறந்தால் 'தேறு' என்ற வினையின் கீழ் இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். கலங்கியது தெளிதல், நோய் நீங்கி உடல் வலுப்பெறுதல், துயரம் ஆறுதல், தேர்வில் வெற்றி பெறுதல், ஐயம் நீங்கி ஒருவரை நம்புதல். கூடவே 'தேறல்' என்ற பெயர்ச்சொல்லும் அதன் பொருளும். ஆய்வு மாணவியாக இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பொருள் விரிவுக்கு நல்ல எடுத்துக்காட்டு என்று ஒரு கருத்தரங்கில் காட்டியும் இருக்கிறேன். அந்தப் பட்டியலின் ஒரு முனையில் மூங்கில் குழாயும் மறு முனையில் என் மாமாவின் கட்டிலும் இருப்பதை அப்போது ஓர் எடுத்துக்காட்டாகவே கண்டேன். குடுவையை அருகில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது அப்படிப் பார்க்க முடியவில்லை.

முதல் நாள் குடுவையில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. நவம்பர் மாதத்திலேயே சமையலறை 15 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அம்மா அழைத்தபோது சொன்னேன். இம்முறை அவர் தயங்கவில்லை. "குளுருக்கு மாவு பொங்கலைன்னா என்ன செய்வேன்? அரிசி டப்பாக்குள்ள வச்சு மூடுவேன். போய் அரிசிக்குள்ள வை." ஐந்து லிட்டர் குடுவையை வைக்கும் அளவுக்கு அரிசி எங்களிடம் இல்லை என்றேன். "அப்ப போர்த்தி விடு. அடுப்புப் பக்கம் வை, ஒட்டி வைக்காதே." கோங்கிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தன் இடுப்பில் கட்டியிருந்த ஜைங்கிர்ஷாவை, காஸிப் பெண்கள் வீட்டு வேலையின்போது உடுத்தும் கட்டம் போட்ட மேல்துணியை, அவிழ்த்துக் குடுவையைச் சுற்றிக் கட்டிக் கரியடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தார். மறுநாள் காலை முதல் குமிழி வந்தது.

நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு இரவும் மாவைக் கரைத்து மூடிவைத்து, வெயிலுக்கு இவ்வளவு, மழைக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்திருப்பவர் அம்மா. நொதித்தல் பற்றி எங்கள் குடும்பத்தில் அதிகம் அறிந்தவர் அவர்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு அழைப்பிலும், "பொங்குச்சா?" என்று கேட்பார். அவர் கேட்டது மாவைப் பற்றியா மதுவைப் பற்றியா என்று வெளியிலிருந்து கேட்பவருக்குத் தெரியாது. அப்படிக் கேட்பது அவருக்கும் எளிதாக இருந்திருக்கும்.

முதல் வாரம் காலையும் மாலையும் குடுவையை மெதுவாகச் சுழற்றி, கரைந்திருந்த வாயுவை வெளியேற்றினேன். பிறகு தொடுவதை நிறுத்திவிட்டேன். சீசா நீரில் முதலில் நொடிக்கு ஒரு குமிழி, பின்னர் ஐந்து நொடிக்கு ஒன்று, பின்னர் நிமிடத்துக்கு ஒன்று. குடுவைக்குள் இருந்தது தேனின் நிறத்தை இழந்து, அரிசி கழுவிய நீர்போல வெளுத்துக் கலங்கியது. கோடிக்கணக்கான ஈஸ்ட் அதில் மிதந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் முகர்ந்தால் ரொட்டியும் புளிப்பும் கலந்த வாடை. யாரும் குடிக்க விரும்பும் பொருளாக அது இல்லை.

இதைப் படிக்கும் பலர் மனத்தில் எழும் அச்சத்தை நான் அறிவேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. வீட்டில் செய்தது என்றாலே நமக்கு அந்தப் படங்கள்தான் நினைவுக்கு வரும். அந்த மக்களைக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பொருளைச் சாராயத்தில் கலந்ததால் வந்த சாவு. நொதித்தலில் சிறிதளவு மெத்தனால் உண்டாவது பழத்தோலிலும் சதையிலும் இருக்கும் பெக்டினிலிருந்து. தேனில் பெக்டின் இல்லை என்றே சொல்லலாம். காய்ச்சி வடிப்பதும் இதில் இல்லை. ஆகவே அந்த வகை ஆபத்து இங்கே கிடையாது. ஆனால் என் மாமா மெத்தனாலால் சாகவில்லை. அரசு முத்திரை ஒட்டிய புட்டிகளால்தான் செத்தார். எத்தனால் தன் வேலையைச் செய்ய விஷம் கலக்க வேண்டிய தேவை இல்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அறிவியல் முழுமையாகும்.

ஒருநாள் கோங்கிடம் மாமாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "மூன்று மாதம் காத்திருந்து செய்தவள் அதை ஒரே இரவில் குடித்துத் தீர்க்க மாட்டாள்" என்றார். கேட்கும்போது உண்மைபோல இருந்தது. யோசித்தால் முழு உண்மை இல்லை. இந்த ஊரிலும் 'கியாத்' என்னும் அரிசிச் சாராயம் வீடுகளில்தான் வடிக்கப்படுகிறது. அதனால் சிதைந்த குடும்பங்களைக் கோங்கே எனக்குக் காட்டியிருக்கிறார். செய்பவர் காத்திருக்கிறார், வாங்கிக் குடிப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை. கையால் செய்தது என்பதாலேயே எதுவும் தூய்மையாகிவிடாது.

ஆனாலும் அவர் சொன்னதில் நான் விட்டுவிட விரும்பாத ஒன்று இருக்கிறது. நம்மிடம் ஒரு காலத்தில் நறவுக்கும் தோப்பிக்கும் தேறலுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தன என்றால், எது எதிலிருந்து ஆனது, எவ்வளவு காலம் ஆனது, யாரோடு எப்போது அருந்துவது என்ற அறிவும் இருந்தது என்று பொருள். இன்று வழக்கில் இருக்கும் ஒரே பெயர் 'சரக்கு'. லாரியில் ஏற்றி இறக்கும் எதற்கும் பொருந்தும் பெயர். என் மாமா குடித்தது எதிலிருந்து செய்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றியதில்லை. அதற்கு மணமில்லை, பருவமில்லை. பங்கிட்டுக்கொள்ளச் சுற்றமும் இல்லை. கடை ஓரத்தில் நின்று நான்கு நொடியில் விழுங்குவார். சொற்கள் போனதால் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். சொற்கள் போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

டிசம்பர் நடுவில் குமிழி நின்றது. ஹைட்ரோமீட்டர் 1.010 காட்டியது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மண்டி படிந்திருந்தது. குடுவையை மேசைமேல் வைத்து, குழாயின் ஒரு முனையை மண்டிக்கு மேலே நிறுத்தி, மறுமுனையைத் தரையில் இருந்த வேறு குடுவைக்குள் விட்டு இறுத்தோம். இறந்த ஈஸ்டோடு நெடுநாள் கிடந்தால் சுவை கெடும். இறுத்த பிறகும் கலங்கல் போகவில்லை. மேலும் வேகமாகத் தெளியவைக்கப் பொடிகள் உண்டு. கோங் வேண்டாம் என்றார். போர்த்திய துணியை அவிழ்த்துவிட்டு, வடக்குப் பக்க அறையில் சன்னலோரம் வைக்கச் சொன்னார். நவம்பரில் எதிரியாக இருந்த குளிர் ஜனவரியில் துணையானது. குளிரில் ஈஸ்ட் செயலடங்கிக் கனத்துக் கீழே இறங்கும்.

இந்தக் கட்டத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தேன். காலையில் சன்னலைத் திறக்கும்போது ஒருமுறை பார்ப்பேன். மேலே ஒரு விரல் உயரம் தெளிந்திருக்கும். நான்கு நாள் கழித்து இரண்டு விரல். தெளிவு மேலிருந்து கீழே இறங்கி வரும் என்பதை நான் படித்ததில்லை, பார்த்துத்தான் அறிந்தேன். குடுவைக்குப் பின்னால் ஒரு நாளிதழை வைத்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்ப்பது கோங்கின் வழக்கம். பிப்ரவரி முதல் வாரத்தில் தலைப்பு தெரிந்தது. இரண்டாம் வாரத்தில் சிறிய எழுத்தும் தெரிந்தது. குடுவையில் இருந்தது வெளிறிய பொன்னிறத்தில், அசையாமல், எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போல நின்றது. 'கள்ளின் தெளிவு' என்று உரை எழுதியவர் இதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும்.

அளவி இப்போது 1.004 காட்டியது. மூன்று வாரமாக அந்த எண் மாறவில்லை. புட்டியில் அடைத்தாலும் இனி வெடிக்காது. கணக்கிட்டால் சாராயம் ஏறத்தாழ 11 விழுக்காடு, திராட்சை மதுவுக்கு நிகர். நான்கு முழுப் புட்டிகளும் ஓர் அரைப் புட்டியும் நிறைந்தன. அரைப் புட்டியை அன்று மாலை கோங்கும் அவர் மகள்களும் நானும் சோற்றோடு பங்கிட்டுக்கொண்டோம். இனிப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்; ஈஸ்ட் இனிப்பை ஏறக்குறைய முழுவதும் தின்றுவிட்டது. நாவில் முதலில் புளிப்பும் மெல்லிய சூடும். விழுங்கிய பிறகுதான் மூக்கின் பின்புறத்தில் ஆரஞ்சுப் பூவின் மணம் எழுந்தது. சர்க்கரை போன பிறகும் பூ போகவில்லை. இன்னும் ஓராண்டு இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் கோங்.

சன்னல் வெளிச்சத்தில் ஒரு புட்டியைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அன்று இரவு அழைத்தார். "நல்லாத் தெளிஞ்சிருக்கு" என்றார். தேறியிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவர் வேறு எதற்கும் செலவிட மாட்டார் என்று நினைக்கிறேன். சற்று நேரம் கழித்து, "அந்தம்மா குடிச்சாங்களா?" என்று கேட்டார். ஒரு சின்னக் கிண்ணம் என்றேன். "நீ?" நானும் ஒரு கிண்ணம் என்றேன். "சரி" என்றார். பிறகு, "நல்லாத்தான் செஞ்சிருக்கே. ஆனா நம்ம வீட்டுக்கு வேணாம்மா" என்றார்.

இதை எழுதக் காரணமே அந்த வாக்கியம்தான். படித்த பிள்ளைகளுக்கு இத்தகைய விலக்குகளை அறியாமை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. சங்க காலத்தில் ஔவையும் அதியமானும் சேர்ந்து குடித்தார்கள், நமக்கென்ன இந்தக் கூச்சம் என்று நானே நண்பர்களிடம் வாதிட்டிருக்கிறேன். அதே மரபில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி, பெற்ற தாயின் முகத்துக்கு முன்னாலேயே மகனின் களிப்பு துன்பம் தரும் என்றும் எழுதினார். பாடியவர்கள் ஒரு கிண்ணத்தைக் கண்டார்கள். அவர் அந்தத் தாயின் முகத்தைக் கண்டார். இரண்டும் கண்டறிந்த உண்மைகள். கோங்கின் சமையலறை ஓர் அறிவின் இருப்பிடம். எங்கள் வீட்டு வாசலும் ஓர் அறிவின் இருப்பிடம். 23 நாள் விழித்திருந்து பெற்றது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் திருத்த எனக்கு இப்போது விருப்பமில்லை.

நான்கு புட்டிகளும் ஷில்லாங்கில், வடக்கு அறையில், படுக்கைவாட்டில் இருக்கின்றன. ஒன்று கோங்குக்கு, ஒன்று தேன் தந்த அவர் உறவினருக்கு. மற்ற இரண்டும் அடுத்த பிப்ரவரி வரை அப்படியே இருக்கும். மே மாதம் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன். வாங்கிய இரண்டு கிலோவில் மிச்சம் 800 கிராம் தேன் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துச் செல்கிறேன்.